வசதி குறைந்த நாடுகளில் எச்.ஐ.வி. சிகிச்சை: எந்த மருந்துக் கூட்டு ஏற்றது?

எச்.ஐ.வி. தொற்றை உடலிலிருந்து அடியோடு நீக்கவல்ல மருந்து இன்னும் நம் கைக்கு வரவில்லை. ஆயினும், அந்த வைரஸின் பெருக்கத்தை அடக்கி வைக்கும் மருந்துகள் பல உள்ளன. அவற்றை நாள்தோறும் தவறாது உட்கொள்வோர் ஏனைய மக்களைப் போலவே நெடுங்காலம் வாழவும், உழைத்துப் பிழைக்கவும், தொற்றில்லாத குழந்தைகளைப் பெறவும் இன்று இயலும். 1986ஆம் ஆண்டில் சென்னையில் இத்தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டபோது இத்தகைய நிலையை எவரும் எதிர்பார்த்திருக்க இயலாது. 2023ஆம் ஆண்டின் மதிப்பீட்டின்படி இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்வோர் 25 இலட்சத்திற்கும் மேற்பட்டவர் ஆவர். அவர்கள் அனைவருக்கும் வாழ்நாள் முழுவதும் மருந்து வேண்டும்.

எந்த மருந்து என்பதே கேள்வி. பெரிய நகரத்தின் தனியார் மருத்துவமனையில் ஒவ்வொரு நோயாளிக்கும் ஏற்றவாறு மருத்துவர் மருந்தைத் தேர்ந்தெடுக்கலாம். சில ஆயிரம் பேர் பதிவு செய்துள்ள ஒரு மாவட்ட மருத்துவமனையில், ஒன்றிரண்டு மருத்துவர்களும் சில செவிலியரும் மட்டுமே உள்ள இடத்தில், அவ்வாறு செய்ய இயலாது. பெரும்பாலோருக்கும் பொருந்தும் ஒரு மருந்துக் கூட்டை அரசு முன்கூட்டியே வகுத்துத் தர வேண்டியுள்ளது. அத்தேர்வு தவறினால் அதன் விளைவைச் சுமப்பவர் பல இலட்சம் பேர். ஆகவேதான் வளரும் நாடுகளில் மருந்துக் கூட்டுகளை ஒன்றோடொன்று ஒப்பிடும் ஆராய்ச்சி, மருத்துவக் கேள்வியாக மட்டுமன்றி வளர்ச்சிக் கேள்வியாகவும் விளங்குகிறது.

மூன்று மருந்துகள் ஏன்?

எச்.ஐ.வி. தன் மரபுப் பொருளைப் படியெடுத்து, மனித உடலின் வெள்ளணுக்களுள் புகுத்திப் பெருகுகிறது. படியெடுக்கும்போது அது அடிக்கடி பிழை செய்கிறது. அப்பிழைகளுள் சில, மருந்துக்கு அடங்காத புதிய வகைகளாக அமைந்துவிடுகின்றன. ஒரே ஒரு மருந்தைக் கொடுத்தால், அதற்கு அடங்காத வகை விரைவில் பெருகி, மருந்து பயனற்றுப் போகும். 1987ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற முதல் மருந்தாகிய சிடோவுடினுக்கு நேர்ந்தது இதுவே.

மூன்று மருந்துகளை ஒருங்கே கொடுத்தால், மூன்றுக்கும் அடங்காத வகை ஒரே நேரத்தில் தோன்றுவது மிக அரிது. 1996ஆம் ஆண்டு முதல் இம்முறை செல்வ நாடுகளில் பரவியது. அங்கு எய்ட்ஸ் மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. பொதுவாக ஒரு கூட்டில், படியெடுக்கும் வேலையைத் தடுக்கும் ஒரு வகையைச் சேர்ந்த இரு மருந்துகள் முதுகெலும்பாக அமைகின்றன. வேறு வகையைச் சேர்ந்த மூன்றாவது மருந்து அவற்றுடன் சேர்கிறது. முதுகெலும்பாக எந்த இரண்டு, மூன்றாவதாக எது என்பதில்தான் ஒப்பீடுகள் எல்லாம் அடங்கியுள்ளன.

விலை தடையாக நின்ற காலம்

2000ஆம் ஆண்டளவில் இம்மூன்று மருந்துகளுக்கும் ஒரு நோயாளிக்கு ஆண்டொன்றுக்குப் பத்தாயிரம் டாலருக்கும் மேல் செலவாயிற்று. தொற்று மிகுந்த ஆப்பிரிக்க நாடுகளுக்கு அது எட்டாக் கனியாக இருந்தது. அந்நிலையில் 2001 பிப்ரவரியில் இந்தியாவின் சிப்லா நிறுவனம், ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிரபின் ஆகிய மூன்றையும் கொண்ட சிகிச்சையை ஆண்டொன்றுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தது. நாளொன்றுக்கு ஒரு டாலருக்கும் குறைவான விலை அது.

இது எவ்வாறு இயன்றது? 1970ஆம் ஆண்டின் இந்தியக் காப்புரிமைச் சட்டம், மருந்துப் பொருளுக்கு அன்றி அதனைத் தயாரிக்கும் முறைக்கு மட்டுமே காப்புரிமை அளித்தது. ஆகவே வேறு முறையில் அதே மருந்தைத் தயாரிக்க இந்திய நிறுவனங்களால் முடிந்தது. மற்றொரு நன்மையும் இதனால் விளைந்தது. மூன்று மருந்துகளின் காப்புரிமைகள் மூன்று வெவ்வேறு நிறுவனங்களிடம் இருந்தால், அவற்றை ஒரே மாத்திரையில் அடக்க எவரும் எளிதில் முன்வர மாட்டார்கள். இந்தியாவில் அத்தடை இல்லை. மூன்றும் ஒன்றாய் அடங்கிய மாத்திரையைக் காலையில் ஒன்று, இரவில் ஒன்று எனச் சாப்பிட்டால் போதும் என்ற நிலை வந்தது. செல்வ நாட்டு நோயாளிகள் பல மாத்திரைகளை எண்ணி விழுங்கிக்கொண்டிருந்த காலத்தில், ஏழை நாட்டு நோயாளிக்கு எளிய சிகிச்சை கிட்டியது.

2005 ஜனவரி முதல் நாள் தொட்டு, உலக வர்த்தக அமைப்பின் விதிகளுக்கு இணங்க, மருந்துப் பொருள்களுக்கும் இந்தியாவில் காப்புரிமை வழங்கப்படலாயிற்று. எனினும் பழைய மருந்தின் சிறு மாற்றங்களுக்குக் காப்புரிமை மறுக்கும் பிரிவு சட்டத்தில் இடம்பெற்றது. டெனோஃபோவிர் மருந்துக்கான காப்புரிமை விண்ணப்பங்களை இந்தியக் காப்புரிமை அலுவலகம் 2009ஆம் ஆண்டில் நிராகரித்தது. 2006 முதல் 2008 வரையிலான ஆண்டுகளில், கொடை நிதியைக் கொண்டு வளரும் நாடுகளுக்காக வாங்கப்பட்ட எச்.ஐ.வி. மருந்துகளில் 80 விழுக்காட்டிற்கும் மேல் இந்தியத் தயாரிப்புகளாக இருந்தன.

அனைவருக்கும் ஒரே முறை

விலை குறைந்ததும், உலகச் சுகாதார நிறுவனம் 2002ஆம் ஆண்டில் ஒரு புதிய அணுகுமுறையை முன்வைத்தது. தனித்தனி மருத்துவரின் விருப்பத்திற்கு விடாமல், ஒவ்வொரு நாடும் முதல் நிலைக்கு ஒரு கூட்டையும், அது பயன்படாதபோது இரண்டாம் நிலைக்கு ஒரு கூட்டையும் வரையறுத்துக்கொள்ள வேண்டும் என்பதே அது. மருந்து வாங்குவது, சேமிப்பது, பணியாளருக்குப் பயிற்சி அளிப்பது ஆகிய யாவும் இதனால் எளிதாயின.

இந்தியாவில் 2004 ஏப்ரல் முதல் நாள் இலவசக் கூட்டு மருந்து சிகிச்சைத் திட்டம் தொடங்கியது. தமிழ்நாடு, ஆந்திரப் பிரதேசம், கர்நாடகம், மகாராஷ்டிரம், மணிப்பூர், நாகாலாந்து ஆகிய, தொற்று மிகுந்த ஆறு மாநிலங்களிலும் தில்லியிலும் உள்ள எட்டு அரசு மருத்துவமனைகள் அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டன. அக்காலத்தில் ஸ்டாவுடின் அல்லது சிடோவுடின் ஒன்று, அதனுடன் லாமிவுடின், மூன்றாவதாக நெவிரபின் அல்லது எஃபாவிரென்ஸ் என்பதே நம் நாட்டு முறை. எளிய முறை எனினும், இதில் ஒவ்வொரு 'அல்லது' என்ற சொல்லுக்குப் பின்னும் ஒரு கடினமான தேர்வு இருந்தது.

ஸ்டாவுடினா, சிடோவுடினா?

ஸ்டாவுடின் மலிவானது; தொடக்கத்தில் நோயாளிக்கு அதனால் தொல்லை குறைவு; இரத்தப் பரிசோதனையும் மிகுதியாக வேண்டியதில்லை. பரிசோதனைக் கூடம் இல்லாத ஊர்களில் இவை பெரும் வசதிகளாகத் தோன்றின. மரணப்படுக்கையில் கிடந்தோர் பலரை இம்மருந்து எழுப்பி நடக்க வைத்தது என்பதை மறத்தலாகாது.

ஆனால் மாதங்கள் செல்லச் செல்ல அதன் தீமை வெளிப்பட்டது. உயிரணுக்களில் ஆற்றலை உண்டாக்கும் நுண்ணுறுப்புகளை அது பழுதாக்குகிறது. பாதங்களில் எரிச்சலும் மரத்துப்போதலும் தோன்றுகின்றன. கன்னத்திலும் கை கால்களிலும் உள்ள கொழுப்பு கரைந்து முகம் ஒட்டிப்போகிறது. சிலருக்கு இரத்தத்தில் லாக்டிக் அமிலம் மிகுந்து உயிருக்கே ஆபத்து நேர்கிறது. ஒட்டிய கன்னம் வெறும் அழகுக் குறைவு அன்று. நோயை மறைத்து வாழ வேண்டிய சமூகச் சூழலில், அதுவே ஊரார் கண்டுகொள்ளும் அடையாளமாயிற்று. அதற்கு அஞ்சி மருந்தை நிறுத்தியவரும் உண்டு.

சிடோவுடினின் குறை வேறு வகையானது. அது எலும்பு மச்சையைத் தாக்கி இரத்தசோகையை உண்டாக்குகிறது. செல்வ நாடுகளில் இது எளிதில் சமாளிக்கக் கூடிய பக்க விளைவு. இரத்தசோகை பரவலாக உள்ள இந்தியாவில், குறிப்பாகப் பெண்களிடையே, இது பெருந்தடை. ஆகவே இரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைந்தவருக்கு ஸ்டாவுடின், போதுமான அளவு உள்ளவருக்குச் சிடோவுடின் என்ற நடைமுறை வகுக்கப்பட்டது. வறுமையும் ஊட்டக்குறைவும் மருந்துத் தேர்வை எவ்வாறு ஆட்டி வைக்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

செல்வ நாடுகள் ஸ்டாவுடினைக் கைவிடத் தொடங்கிய பின்னரும், ஏழை நாடுகளில் அது பல ஆண்டுகள் தொடர்ந்தது. முதலில் அளவு 30 மில்லிகிராமாகக் குறைக்கப்பட்டது. 2009ஆம் ஆண்டின் இறுதியில், ஸ்டாவுடினைப் படிப்படியாக விலக்குமாறு உலகச் சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது. இந்தியாவும் அதன்பின் அதனை விலக்கியது.

நெவிரபினா, எஃபாவிரென்சா?

மூன்றாவது மருந்தின் தேர்விலும் இதே போன்ற சிக்கல் எழுந்தது. நெவிரபின் மலிவானது, கருவுற்ற பெண்களுக்கும் கொடுத்து வரப்பட்டது. ஆனால் சிலருக்குத் தோலில் கடுமையான தடிப்பும், கல்லீரல் அழற்சியும் அதனால் உண்டாகின்றன. இந்த ஆபத்தைக் குறைக்க முதல் இரண்டு வாரங்களுக்கு நாளொன்றுக்கு ஒரு வேளை மட்டும் கொடுத்து, பின்னர் இரு வேளையாக்க வேண்டும். எனவே மூன்றும் அடங்கிய மாத்திரையை முதல் நாளிலிருந்தே இரு வேளையும் கொடுக்க இயலாது.

கல்லீரல் அழற்சியின் ஆபத்து, சி.டி.4 அணுக்கள் 250க்கு மேல் உள்ள பெண்களுக்கு அதிகம். தொடக்கத்தில், இவ்வணுக்கள் 200க்கும் கீழே இறங்கிய பின்னரே சிகிச்சை தொடங்கப்பட்டதால் இக்குறை பெரிதாகத் தோன்றவில்லை. சிகிச்சையைத் தொடங்கும் எல்லை 2010ஆம் ஆண்டு அறிவுரையில் 350 ஆகவும், 2013இல் 500 ஆகவும் உயர்த்தப்பட்டது. 2015இல் எல்லையே நீக்கப்பட்டது. சிகிச்சையை முன்கூட்டியே தொடங்கத் தொடங்கியதும், நெவிரபின் முன்பிருந்ததைவிடப் பொருத்தமற்ற மருந்தாயிற்று. மருந்து மாறவில்லை, அது கொடுக்கப்படும் சூழல் மாறியது.

காசநோய் இதைவிடப் பெரிய காரணம். இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்றுள்ளோரை மிகுதியாகத் தாக்கும் துணைநோய் காசநோயே. அதற்கு இன்றியமையாத ரிஃபாம்பிசின் மருந்து, கல்லீரலின் நொதிகளைத் தூண்டி, இரத்தத்தில் நெவிரபினின் அளவைக் குறைத்துவிடுகிறது. எஃபாவிரென்ஸ் இதனால் அவ்வளவாகப் பாதிக்கப்படுவதில்லை. இவ்விரண்டையும் நம் நாட்டிலேயே ஒப்பிட்டுப் பார்த்தனர். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட காசநோய் ஆராய்ச்சி மையத்தில், மருத்துவர் சௌம்யா சுவாமிநாதன் தலைமையிலான குழு, எச்.ஐ.வி.யும் காசநோயும் ஒருங்கே உள்ள 116 நோயாளிகளை இரு பிரிவாக்கி, நாளொன்றுக்கு ஒரு வேளை என்ற முறையில் இம்மருந்துகளைக் கொடுத்து ஆராய்ந்தது. நெவிரபின் பிரிவில் வைரஸ் அடங்கியோர் குறைவு, இறப்புகள் அதிகம். 2011இல் வெளியான இம்முடிவு, காசநோயாளிகளுக்கு எஃபாவிரென்ஸ் அடிப்படையிலான கூட்டே ஏற்றது என்பதை வலியுறுத்தியது.

எஃபாவிரென்சும் குறையற்றது அன்று. தலைச்சுற்றல், கலக்கமூட்டும் கனவுகள், சிலரிடம் மனச்சோர்வு ஆகியவை அதனால் நேர்கின்றன. கருவுக்கு ஊறு செய்யக் கூடும் என்ற அச்சமும் நெடுநாள் நிலவியது. பின்னர் திரண்ட சான்றுகள் அந்த அச்சத்தைப் போக்கின.

ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை

டெனோஃபோவிரின் வருகை முதுகெலும்புத் தேர்வை எளிதாக்கியது. அது இரத்தசோகையை உண்டாக்குவதில்லை. முகத்தை ஒட்டச் செய்வதில்லை. நாளொன்றுக்கு ஒரு வேளை போதும். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸையும் அது அடக்குகிறது. சிறுநீரகத்தையும் எலும்பையும் ஓரளவு பாதிக்கக் கூடும் என்பதே அதன் குறை. 2013ஆம் ஆண்டில் டெனோஃபோவிர், லாமிவுடின் அல்லது எம்ட்ரிசிடபின், எஃபாவிரென்ஸ் ஆகிய மூன்றும் அடங்கிய ஒரே மாத்திரையை உலகச் சுகாதார நிறுவனம் முதல் நிலைச் சிகிச்சையாகப் பரிந்துரைத்தது. கருவுற்ற பெண்கள், காசநோயாளிகள், ஹெபடைடிஸ் பி உள்ளோர் ஆகிய அனைவருக்கும் ஒரே மாத்திரை பொருந்தியது. பண்டகசாலையில் பல வகை மருந்துகளைச் சேமித்து, ஒன்று தீர்ந்து மற்றொன்று தேங்கும் தொல்லையும் குறைந்தது.

ஆனால் அடிநிலத்தில் வேறோர் ஆபத்து வளர்ந்து வந்தது. நெவிரபின், எஃபாவிரென்ஸ் ஆகிய இரண்டும் ஒரே வகையைச் சேர்ந்தவை. வைரஸில் ஒரே ஒரு மாற்றம் ஏற்பட்டாலும் இரண்டும் பயனற்றுப் போகலாம். மருந்தை இடையில் நிறுத்தினால், இவை மட்டும் உடலில் பல நாள் தங்கி, துணையின்றித் தனித்து நிற்கின்றன. மருந்து எதிர்ப்பு தோன்ற அதுவே வாய்ப்பாகிறது. ஆப்பிரிக்கா, ஆசியா, இலத்தீன் அமெரிக்கா ஆகிய கண்டங்களில் ஆய்வு நடந்த 11 நாடுகளுள் 6 நாடுகளில், புதிதாகச் சிகிச்சை தொடங்குவோரில் 10 விழுக்காட்டிற்கும் மேற்பட்டோரிடம் இவ்வகை மருந்துகளுக்கு அடங்காத வைரஸ் இருந்ததாக 2017இல் உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது.

டோலுடெக்ராவிர்: புதிய ஒப்பீடுகள்

வைரஸின் மரபுப் பொருள் மனித உயிரணுவின் மரபுப் பொருளோடு இணைவதைத் தடுக்கும் மருந்து டோலுடெக்ராவிர். 2013இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இது, மருந்து எதிர்ப்புக்கு எளிதில் இடம் கொடாதது. 2014இல் மருந்துக் காப்புரிமைத் தொகுப்பு அமைப்பின் வழியாக இதனைத் தயாரிக்கும் உரிமம் பொதுப்பெயர் மருந்து நிறுவனங்களுக்குக் கிடைத்தது. 2017இல் டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் அடங்கிய மாத்திரையின் விலை, ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 75 டாலர் என அறிவிக்கப்பட்டது. 2023இல் அது 45 டாலருக்கும் கீழே இறங்கியது.

செல்வ நாடுகளில் நடந்த ஆராய்ச்சியின் முடிவுகளை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல், ஆப்பிரிக்க நாடுகளிலேயே இரு பெரும் ஒப்பீடுகள் நடத்தப்பட்டன. கேமரூன் நாட்டில் 613 பேரைக் கொண்டு நடந்த நாம்சல் ஆய்வில், 48 வாரங்களுக்குப் பின் டோலுடெக்ராவிர் பெற்றவர்களில் 74.5 விழுக்காட்டினருக்கும், குறைந்த அளவு எஃபாவிரென்ஸ் பெற்றவர்களில் 69 விழுக்காட்டினருக்கும் வைரஸ் நன்கு அடங்கியிருந்தது. மிக உயர்ந்த வைரஸ் அளவுடன் வந்தோர் பலர் இருந்ததால் இரு பிரிவிலும் வெற்றி விகிதம் சற்றுக் குறைவு. இவ்வேறுபாடு, புதிய மருந்து மேலானது என நிறுவப் போதுமானதாக இல்லை. பழையதற்குக் குறைந்ததன்று என்பது மட்டும் உறுதியாயிற்று. ஆனால் சிகிச்சை தோற்றோரிடையே டோலுடெக்ராவிருக்கு எதிர்ப்பு எவரிடமும் தோன்றவில்லை என்பது பொதுச் சுகாதார நோக்கில் பெரிய செய்தி.

தென்னாப்பிரிக்காவில் 1,053 பேரைக் கொண்டு நடந்த அட்வான்ஸ் ஆய்வில் மூன்று கூட்டுகள் ஒப்பிடப்பட்டன. டோலுடெக்ராவிர் அடங்கிய இரு கூட்டுகளில் 84, 85 விழுக்காடும், எஃபாவிரென்ஸ் கூட்டில் 79 விழுக்காடும் வெற்றி கிட்டியது. அதே ஆய்வு, புதிய கூட்டுகளில் உடல் எடை ஏறுவதையும் காட்டியது. குறிப்பாகப் பெண்களிடையே, டெனோஃபோவிரின் புதிய வடிவமும் டோலுடெக்ராவிரும் சேர்ந்த கூட்டில் இந்த ஏற்றம் மிகுதியாக இருந்தது. மெலிவை நோயின் அடையாளமாகக் கண்டு பழகிய நாடுகளில், எடை கூடுவது முதலில் நற்செய்தியாகவே தோன்றும். நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் பெருகிவரும் இக்காலத்தில் அது கண்காணிக்க வேண்டிய செய்தியாகும்.

பெண்களின் குரல்

2018 மே மாதத்தில் போட்ஸ்வானாவிலிருந்து ஓர் எச்சரிக்கை வந்தது. டோலுடெக்ராவிர் உட்கொண்டிருந்த நிலையில் கருவுற்ற 426 பெண்களுக்குப் பிறந்த குழந்தைகளில் நால்வருக்கு மூளை, தண்டுவடம் சார்ந்த பிறவிக் குறை காணப்பட்டது. ஏறத்தாழ 0.9 விழுக்காடாகிய இது, மற்ற மருந்துகளில் கண்ட 0.1 விழுக்காட்டைவிட மிக அதிகம். உடனே பல நாடுகள் குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களுக்கு இம்மருந்தைக் கட்டுப்படுத்தின.

இதனால் ஆண்களுக்குப் புதிய மருந்து, பெண்களுக்குப் பழைய மருந்து என்ற நிலை தோன்றியது. 2018 ஜூலையில் ருவாண்டாவின் கிகாலி நகரில் கூடிய, தொற்றுடன் வாழும் ஆப்பிரிக்கப் பெண்கள் இதனை எதிர்த்தனர். தீமையையும் நன்மையையும் தங்களுக்கு விளக்கி, முடிவைத் தங்களிடமே விடுமாறு கோரினர். அவர்கள் கோரியது நியாயமே. கண்காணிப்பு தொடரத் தொடர, அந்த விகிதம் 2019இல் 0.3 விழுக்காடாகக் குறைந்தது. பின்னர் பிற மருந்துகளின் விகிதத்திலிருந்து வேறுபாடின்றிப் போயிற்று. 2019 ஜூலையில் உலகச் சுகாதார நிறுவனம், ஆண் பெண் என்ற வேறுபாடின்றி டோலுடெக்ராவிரைப் பரிந்துரைத்தது. பிறப்புகளை முறையாகப் பதிவு செய்த ஒரு நாட்டின் உழைப்பே, எச்சரிக்கையை எழுப்பவும், பின்னர் அதனை நீக்கவும் உதவியது.

பரிசோதனைக் கூடம் எவ்வளவு தேவை?

மருந்தைப் போலவே கண்காணிப்பும் சிகிச்சையின் ஓர் அங்கம். அதற்காகும் செலவை மருந்துக்கே திருப்பினால் மேலும் பலரைக் காக்கலாமே என்ற வாதம் ஒரு காலத்தில் வலுவாக எழுந்தது. 2003ஆம் ஆண்டில் உகாண்டாவிலும் சிம்பாப்வேயிலும் தொடங்கிய டார்ட் ஆய்வு, 3,316 பேரைக் கொண்டு இதனைச் சோதித்தது. ஒரு பிரிவினருக்கு இரத்தப் பரிசோதனைகள் முறையாக நடந்தன. மற்றப் பிரிவினர் பெரும்பாலும் மருத்துவரின் நேர்ப் பார்வையை மட்டுமே கொண்டு கண்காணிக்கப்பட்டனர். ஐந்தாண்டுகளுக்குப் பின் முதற்பிரிவில் 90 விழுக்காட்டினரும், இரண்டாம் பிரிவில் 87 விழுக்காட்டினரும் உயிருடன் இருந்தனர்.

பரிசோதனைக் கூடம் இல்லை என்பதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடலாகாது என்பதை இந்த ஆய்வு நிலைநாட்டியது. ஆனால் பரிசோதனை வேண்டாம் என்று அதிலிருந்து முடிவு கட்டுவதும் தவறு. வைரஸ் அடங்கவில்லை என்பதை அறியாமலே ஒருவர் ஆண்டுக்கணக்கில் மருந்து உட்கொண்டால், எதிர்ப்பு திரண்டு பிறருக்கும் பரவும். 2011இல் வெளியான மற்றோர் ஆய்வு இதன் மறுபக்கத்தைக் காட்டியது. சென்னை, புனே உள்ளிட்ட இடங்களையும் சேர்த்து ஒன்பது நாடுகளில் 1,763 தம்பதியரிடையே நடந்த அந்த ஆய்வில், சிகிச்சையை முன்கூட்டியே தொடங்கியதால் துணைவருக்குத் தொற்று பரவுவது 96 விழுக்காடு குறைந்தது. வைரஸை அடக்குவது ஒருவரின் நலம் மட்டுமன்று. அது தடுப்பு முறையும் ஆகும். இந்தியாவில் தொற்றுள்ள அனைவருக்கும் சிகிச்சை என்ற கொள்கை 2017இலும், சிகிச்சை பெறும் அனைவருக்கும் வைரஸ் அளவுப் பரிசோதனை என்ற திட்டம் 2018 பிப்ரவரியிலும் வந்தன.

முதல் நிலைச் சிகிச்சை தோற்றவருக்கு என்ன கொடுப்பது என்பதிலும் தெளிவு பிறந்துள்ளது. உகாண்டா, கென்யா, சிம்பாப்வே நாடுகளில் 464 பேரிடம் நடந்த நாடியா ஆய்வின் முடிவு 2021இல் வெளியாயிற்று. இரண்டாம் நிலையிலும் டோலுடெக்ராவிர், விலை மிகுந்த டாருனாவிருக்குக் குறைந்ததன்று என அது காட்டியது. முதல் நிலையிலேயே பயன்படுத்திய டெனோஃபோவிரை மாற்றாமல் தொடரலாம் என்றும் கண்டது. சிக்கலான மரபியல் பரிசோதனை இல்லாத இடங்களில் இம்முடிவு பெரிதும் பயனுள்ளது.

நம் நாட்டில் கவனிக்க வேண்டியவை

2021ஆம் ஆண்டின் தேசிய வழிகாட்டு நெறிகளில் டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் கூட்டு இந்தியாவின் முதல் நிலைச் சிகிச்சையாக இடம்பெற்றது. நல்ல தேர்வுதான். எனினும் மாத்திரையை மாற்றியதோடு வேலை முடிந்துவிடாது. நடைமுறையில் நான்கு செய்திகள் கவனத்திற்குரியவை.

முதலாவது, காசநோய். ரிஃபாம்பிசின், டோலுடெக்ராவிரின் அளவையும் குறைக்கிறது. எனவே காசநோய்ச் சிகிச்சை நடைபெறும் காலத்தில், வழக்கமான மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து 50 மில்லிகிராம் டோலுடெக்ராவிர் தனியே கூடுதலாக வேண்டும். இந்தத் தனி மாத்திரை மருந்தகத்தில் எப்பொழுதும் இருப்பில் இருத்தல் இன்றியமையாதது.

இரண்டாவது, சத்து மாத்திரைகள். இரும்பு, கால்சியம் மாத்திரைகள் டோலுடெக்ராவிரைப் பற்றிக்கொண்டு, குடலில் அது உறிஞ்சப்படாமல் தடுக்கின்றன. கருவுற்ற பெண்கள் அனைவருக்கும் இவை வழங்கப்படும் நம் நாட்டில் இது சிறு செய்தியன்று. வெறும் வயிற்றில் எடுப்பதானால், டோலுடெக்ராவிரை இவற்றிற்கு இரண்டு மணி நேரம் முன்னரோ ஆறு மணி நேரம் பின்னரோ எடுக்க வேண்டும். உணவுடன் சேர்த்தால் இரண்டையும் ஒருங்கே எடுக்கலாம். சத்து மாத்திரை தரும் கிராமச் செவிலியரும், எச்.ஐ.வி. மருந்து தரும் மையமும் இதனை ஒரே குரலில் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, நீரிழிவு. டோலுடெக்ராவிர் இரத்தத்தில் மெட்ஃபார்மின் மருந்தின் அளவை உயர்த்துகிறது. எனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு மெட்ஃபார்மின் அளவை மருத்துவர் கட்டுப்படுத்த வேண்டியுள்ளது. எடை, சர்க்கரை, இரத்தக் கொதிப்பு ஆகியவற்றை ஏ.ஆர்.டி. மையத்திலேயே பார்க்கும் ஏற்பாடு பயன் தரும்.

நான்காவது, குழந்தைகள். நெடுங்காலம் அவர்களுக்குக் கசப்பும், குளிர்சாதனப் பெட்டியில் வைக்கும் தேவையும் உடைய திரவ மருந்தே வாய்த்தது. 2020ஆம் ஆண்டின் இறுதியில், நீரில் கரையும் 10 மில்லிகிராம் டோலுடெக்ராவிர் மாத்திரை, ஆண்டொன்றுக்கு 40 டாலருக்கும் குறைந்த விலையில் அறிவிக்கப்பட்டது. பெரியவர்களுக்கு வந்த முன்னேற்றம் குழந்தைகளை எட்டப் பல ஆண்டுகள் ஆயின என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

இவை யாவற்றிற்கும் அடிப்படை, மருந்து தடையின்றிக் கிடைப்பது. 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தபோது, அதனை நம்பியிருந்த பல ஆப்பிரிக்க நாடுகளின் சிகிச்சை மையங்கள் திகைத்து நின்றன. இந்தியாவின் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் ஐந்தாம் கட்டத்திற்கு, 2021 முதல் 2026 வரையிலான காலத்திற்கு, 15,471.94 கோடி ரூபாய் மைய அரசின் நிதியிலிருந்தே ஒதுக்கப்பட்டது. வாழ்நாள் முழுவதும் மருந்து வேண்டியோருக்கு இத்தகைய உள்நாட்டு நிதியே உறுதியான துணை.

கடந்த கால ஒப்பீடுகள் உணர்த்தும் பாடம் ஒன்று உண்டு. ஸ்டாவுடின் காலத்தில், ஏழைக்கு இதுவே போதும் என்று உலகம் எண்ணியது. அதன் வடுக்களைப் பலர் இன்றும் முகத்திலும் பாதங்களிலும் சுமக்கின்றனர். இன்று யவுண்டேயிலும் ஜோகன்னஸ்பர்க்கிலும் நோயாளிகளிடையே சோதித்துத் தேர்ந்த டோலுடெக்ராவிரையே செல்வ நாட்டு மருத்துவர்களும் எழுதிக் கொடுக்கின்றனர். வலிமை, விலை, எளிமை ஆகிய மூன்றும் ஒரே மாத்திரையில் கூடியதற்குச் சட்டமும் ஆராய்ச்சியும் நோயாளிகளின் குரலும் காரணங்கள். நாளை வேறொரு மருந்து வரும். அதனையும் நம் காசநோயாளிகள், நம் இரத்தசோகை, நம் கருவுற்ற பெண்கள், நம் மாவட்ட மருத்துவமனைகள் ஆகியவற்றின் நடுவே வைத்து எடைபோட்ட பின்னரே, அது சிறந்தது என்று நாம் கூறலாம்.